கண்ணாடிக் குவிமாடமும் கரிக் கிறுக்கலும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் பெர்லினில் இருக்கும் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடத்தின் படம் ஒன்றைப் போட்டிருந்தோம். கீழே பழைய மணற்கல் சுவர், தூண்கள், மூலைக்கு ஒரு கோபுரம். மேலே முழுக்க முழுக்கக் கண்ணாடியில் ஒரு குவிமாடம். படத்துக்கு இரண்டு வரிக் குறிப்புதான் எழுதினோம், அதற்கு வந்த கேள்விகளோ ஒரு பை நிறைய. கட்டடத்தின் பெயர் ரைக்ஸ்டாக், அதற்குள் கூடுகிற அவையின் பெயர் புண்டஸ்டாக். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி: அந்தக் கண்ணாடிக்கும் கல்லுக்கும் ஒட்டவே இல்லையே! முதலில் கட்டியபோது எப்படித்தான் இருந்தது? (கட்டடக்கலை படிக்கும் மாணவி)

பதில்: ஒட்டவில்லைதான். ஆனால் இந்தக் கட்டடத்தின் தலையில் கண்ணாடி ஏறியது இது முதல் தடவை இல்லை. பால் வாலோட் வடிவமைத்து, 1884-ல் அடிக்கல் நாட்டி, 1894-ல் முடித்த அசல் கட்டடத்திலேயே குவிமாடம் எஃகும் கண்ணாடியும்தான். வாலோட் முதலில் கல்லில்தான் நினைத்திருந்தார். அதை எங்கே வைப்பது என்பதில் வருஷக்கணக்கில் இழுபறி. அவைக் கூடத்துக்கு மேலே வேண்டாம், முகப்புப் பக்கம் தள்ளு என்றார்கள், தள்ளினார், அப்புறம் போராடி மறுபடி நடுவுக்கே கொண்டுவந்தார், அதற்குள் கீழே சுவர்கள் எழும்பிவிட்டதால் கல்லின் எடையை அவை தாங்காது என்றாகிவிட்டது. ஹெர்மன் சிம்மர்மன் என்ற பொறியாளர் வந்து, எஃகுச் சட்டத்தில் கண்ணாடி பதித்த இலேசான குவிமாடம் ஒன்றுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துக் காப்பாற்றினார்.

அந்தக் காலத்தில் இரும்பும் கண்ணாடியும் ரயில் நிலையத்துக்கும் பொருட்காட்சிக் கூடத்துக்கும் போடுகிற சமாச்சாரம். நாடாளுமன்றத்தின் உச்சியில் அதை வைத்தது அன்றைக்குப் பெரிய துணிச்சல். ஆக, பழசும் புதுசும் ஒட்டாமல் நிற்பது இந்தக் கட்டடத்துக்குப் பிறவிக் குணம், இப்போதைய குவிமாடத்தோடு 1999-ல் வந்து சேர்ந்த நோய் இல்லை.

உங்களை மாதிரியே முகம் சுளித்த இன்னொருவர் அன்றைய பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம். ரசனையின்மையின் உச்சம் என்றார். ஒரு கடிதத்தில் பேரரசின் குரங்கு வீடு என்றே எழுதிவிட்டார். எரிச்சல் கட்டடத்தின் மேலா, உள்ளே உட்கார்ந்து கேள்வி கேட்கிற உறுப்பினர்கள் மேலா என்றால், என் கணக்கில் இரண்டும்தான். முகப்பில் ‘ஜெர்மானிய மக்களுக்கு’ என்று பொறிக்க இடம் விட்டிருந்தார்கள், இருபது வருஷத்துக்கு மேல் அது வெறுமையாகவே கிடந்தது. 1916-ல், முதல் உலகப் போரில் சாவு குவிந்து ஜனங்கள் வெறுத்துப்போயிருந்த நேரத்தில், அவர்களைச் சமாதானப்படுத்த ஏதாவது செய்யவேண்டியிருந்ததால்தான் எழுத்து ஏறியது. வடிவம் பீட்டர் பெஹ்ரன்ஸ் தந்தது. நெப்போலியனோடு நடந்த போர்களில் பிடித்த இரண்டு பிரெஞ்சு பீரங்கிகளை உருக்கி வார்த்தார்கள், வார்த்தது லோவி என்ற யூதக் குடும்பத்தின் பட்டறை. பின்னாளில் அந்தக் குடும்பத்திலும் சிலரை நாஜிகள் கொன்றார்கள். எழுத்துகள் இன்றும் அதே இடத்தில் இருக்கின்றன.

கேள்வி: ஹிட்லர் அந்தக் கட்டடத்தில் இருந்துதானே ஆட்சி செய்தார்? அதை ஏன் இடிக்காமல் விட்டார்கள்? தீ வைத்தது யார் என்று தெரிந்துவிட்டதா? (பள்ளி ஆசிரியர்)

பதில்: முதல் கேள்விக்கு, இல்லை. இதைத்தான் பாதிப் பேர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஹிட்லர் 1933 ஜனவரி 30-ல் பிரதமர் பதவிக்கு வந்தார், பிப்ரவரி 27 இரவு அவைக் கூடம் எரிந்தது. மறுநாளே பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், கூட்டம் கூடும் உரிமை எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும் அவசர ஆணை வந்துவிட்டது. மார்ச் 23-ல் ஹிட்லருக்குச் சர்வ அதிகாரமும் கொடுத்த சட்டம் நிறைவேறியது எதிரே இருந்த க்ரோல் ஆப்பரா அரங்கில். அதற்குப் பிறகு அந்தக் காலத்து நாடாளுமன்றம் கூடியதெல்லாம் அங்கேதான். ரைக்ஸ்டாக்கில் நாஜி ஆட்சியில் நாடாளுமன்றக் கூட்டம் என்று ஒன்றுகூட முறையாக நடக்கவில்லை.

தீ விஷயத்தில், உள்ளே பிடிபட்டவர் மரினஸ் வான் டெர் லுப்பே என்ற டச்சுக்காரர், 24 வயது, இடதுசாரி. தீ வைத்த குற்றத்துக்கு மரண தண்டனை என்ற சட்டமே தீ எரிந்து முடிந்த பிறகுதான் வந்தது, அதை முன்தேதியிட்டு அவர்மேல் போட்டு 1934 ஜனவரியில் தலையை வெட்டினார்கள். கூடவே குற்றம் சாட்டப்பட்ட நான்கு பேர் விடுதலை ஆனார்கள். அதில் ஒருவரான டிமித்ரோவ் பின்னாளில் பல்கேரியாவின் பிரதமரானார். லுப்பே தனியாகச் செய்தாரா, நாஜிகள் பின்னால் இருந்தார்களா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அவர்மேல் இருந்த தீர்ப்பை மட்டும் ஜெர்மனி 2007 கடைசியில் ரத்து செய்தது, செத்து எழுபது வருஷத்துக்கும் மேல் கழித்து.

இடிக்கவேண்டும் என்ற பேச்சு போருக்குப் பின் இருந்தது. பாதி இடித்தும்விட்டார்கள் என்று சொல்லலாம்: 1954 நவம்பரில் பழைய குவிமாடத்தின் எலும்புக்கூட்டை, ஆட்டம் கண்டுவிட்டது என்ற காரணம் சொல்லி வெடி வைத்துத் தகர்த்தார்கள். மிச்சத்தை 1960-களில் பால் பௌம்கார்ட்டன் என்பவரை வைத்துச் சீரமைத்தார்கள். அவர் காலத்து நாகரிகப்படி சிற்பம், அலங்காரம் எல்லாம் செதுக்கி எடுக்கப்பட்டு, பழைய சுவர்கள் பலகை போட்டு மூடப்பட்டன. கட்டடத்தின் கிழக்குச் சுவரை ஒட்டினாற்போல் பெர்லின் சுவர். 1971-ல் பெர்லினைப் பங்குபோட்டு வைத்திருந்த நான்கு வல்லரசுகள் போட்ட ஒப்பந்தத்தால் மேற்கு ஜெர்மனியின் நாடாளுமன்றம் அங்கே முழு அமர்வாகக் கூடவும் முடியாது. சீரமைத்த கட்டடத்தைக் கண்காட்சிக்கும் கமிட்டிக் கூட்டத்துக்கும் வைத்திருந்தார்கள்.

கேள்வி: பழைய குவிமாடத்தையே அச்சு அசலாகத் திருப்பிக் கட்டியிருக்கலாமே? இந்தக் கண்ணாடி யோசனை யாருடையது? (ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்)

பதில்: உங்கள் கட்சிக்கு ஜெர்மன் நாடாளுமன்றத்திலேயே பலமான ஆதரவு இருந்தது. கதை கொஞ்சம் நீளம், பொறுமையாகக் கேளுங்கள்.

1990 அக்டோபர் 3-ல் இரண்டு ஜெர்மனியும் ஒன்றானபோது விழா இந்தக் கட்டடத்தின் வாசலில்தான் நடந்தது. நாடாளுமன்றத்தையும் அரசையும் மேற்கு ஜெர்மனியின் தலைநகராக இருந்த பான் நகரத்தில் இருந்து பெர்லினுக்கு மாற்றலாமா என்று 1991 ஜூன் 20-ல் வாக்கெடுப்பு, 338-க்கு 320 என்று மயிரிழையில் பெர்லின் ஜெயித்தது. பிறகு கட்டடத்தைப் புதுப்பிக்கப் போட்டி வைத்தார்கள். மூன்று பேர் முன்னுக்கு வந்தார்கள்: இங்கிலாந்தின் நார்மன் ஃபாஸ்டர், ஸ்பெயினின் சான்டியாகோ கலட்ராவா, நெதர்லாந்தின் பி டி ப்ருய்ன். இதில் ஃபாஸ்டர் போட்ட திட்டத்தில் குவிமாடமே கிடையாது! கட்டடம் முழுவதற்கும் மேலே, ஒல்லியான தூண்கள் மேல் ஒரு பிரம்மாண்டமான தட்டைக் கூரை. பெர்லின்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு நாட்டிலேயே பெரிய பெட்ரோல் பங்க் என்று கிண்டல் பண்ணினார்கள். செலவும் ஒதுக்கிய 60 கோடி மார்க்கை (அன்றைய ஜெர்மன் பணம்) எங்கேயோ தாண்டிப் போனது. திட்டத்தைச் சுருக்கச் சொல்லி, இரண்டாம் சுற்று வைத்து, 1993-ல் அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது குவிமாடச் சண்டை. பழமைவாதக் கட்சிக்காரர்கள் வாலோட்டின் குவிமாடம் திரும்ப வேண்டும் என்றார்கள். எதிரணிக்கு எந்தக் குவிமாடமும் வேண்டாம், அது பேரரசு வாசனை அடிக்கிறது. ஃபாஸ்டரும் வேண்டாம் என்றுதான் நின்றார். கடைசியில் வழக்கமான அரசியல் சமரசம்: குவிமாடம் உண்டு, ஆனால் பழசு மாதிரி இருக்காது. உருளை வடிவமா, வேறு வடிவமா என்று பல மாதிரிகள் பார்த்து இப்போதைய உருவத்துக்கு வந்தார்கள். இதற்கிடையில் கலட்ராவா, போட்டியில் கண்ணாடிக் குவிமாடம் காட்டியது நான்தான், என் யோசனையை எடுத்துவிட்டார்கள் என்று புகார் சொன்னார். எனக்கு அவர்மேல் கொஞ்சம் பரிதாபம் உண்டு.

இன்றைக்கு உலகம் முழுக்க ஃபாஸ்டரின் பெயரைச் சொல்லிக் காட்டுகிற அந்தக் குவிமாடம், அவர் கடைசிவரை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்த ஒன்று. மேதை ஒருவர் மனதில் பளிச்சென்று உதித்த வடிவம் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. கமிட்டி போட்டு, பேரம் பேசி, வாக்கெடுத்துப் பிறந்த கூரை அது. நாடாளுமன்றத்துக்கு அதைவிடப் பொருத்தமான பிறப்பு எது?

கேள்வி: அந்தக் குவிமாடத்தால் ஏதாவது உபயோகம் உண்டா, வெறும் அழகுக்கா? (ஓய்வு பெற்ற பொறியாளர்)

பதில்: உங்களுக்குப் பிடிக்கிற பதில் இருக்கிறது. உயரம் 23.5 மீட்டர், அடியில் விட்டம் சுமார் 40 மீட்டர். 24 எஃகு விலா எலும்புகள் நட்டுக்குத்தலாக, 17 வளையங்கள் குறுக்காக, அதில் சுமார் 3,000 சதுர மீட்டர் கண்ணாடி. உள்பக்கமாக இரண்டு சாய்தளப் பாதைகள், ஒவ்வொன்றும் 230 மீட்டர் நீளம், ஒன்றில் ஏறி இன்னொன்றில் இறங்கலாம், எதிரே வருகிறவர்மேல் மோதவேண்டியதில்லை.

நடுவில் தலைகீழாக ஒரு கூம்பு தொங்குகிறதே, அதுதான் இயந்திரம். அதில் ஒளியைத் திருப்பி அடிக்கிற 360 கண்ணாடிகள் பதித்திருக்கிறார்கள். வெளி வெளிச்சத்தை வாங்கிக் கீழே இருக்கும் அவைக் கூடத்துக்குள் இறக்குகின்றன. நேர் வெயில் விழுந்தால் உறுப்பினர்களுக்குக் கண் கூசும், சூடும் ஏறும் என்பதால், சூரியன் போகிற திசையிலேயே நகர்ந்து மறைக்கிற பெரிய திரை ஒன்றும் உண்டு. சாயங்காலத்துக்கு மேல் நிலைமை நேர்மாறு: உள்ளே எரிகிற விளக்கு மேலே ஏறி, குவிமாடமே வெளிச்சமாகத் தெரியும். கூம்பின் வயிற்றுக்குள் காற்றுக் குழாய். அவைக் கூடத்துச் சூடான காற்று தானாக மேலே ஏறி அந்த வழியாக வெளியேறுகிறது, போகும்போது அதில் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சி மறுபடி பயன்படுத்துகிறார்கள். குவிமாடத்தின் உச்சி மூடப்படவில்லை, திறந்தேதான் இருக்கிறது. மழை பெய்தால் கூம்பு வாங்கிக்கொள்ளும், குளிர்காலத்தில் போகிறவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றவேண்டாம்.

இன்னும் சுவாரஸ்யம் தரைக்கு அடியில் இருக்கிறது. கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு பயிரின் எண்ணெயில் இருந்து எடுத்த எரிபொருளில் மின்சாரமும் வெப்பமும் சேர்த்தே உற்பத்தி செய்கிற ஏற்பாடு வைத்தார்கள். கோடையில் மிஞ்சுகிற வெப்பத்தைச் சுமார் 300 மீட்டர் ஆழத்தில் இருக்கும் உப்புநீர்ப் படுகையில் வெந்நீராக இறக்கிச் சேமித்து, குளிர்காலத்தில் மேலே எடுக்கிறார்கள். குளிர்ச்சிக்குத் தனியாக, சுமார் 60 மீட்டர் ஆழத்தில் இன்னொரு நீர்ப்படுகை. 1990-களில் ஒரு அரசுக் கட்டடத்துக்கு இதையெல்லாம் யோசித்திருக்கிறார்கள் என்பதுதான் குவிமாடத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் தரைக்கு அடியில் இருப்பதை யார் படம் எடுத்துப் போடப்போகிறார்கள்?

கேள்வி: உள்ளே சுவர் முழுக்க ரஷ்ய மொழியில் கிறுக்கியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? அழிக்காமல் வைத்திருக்கிறார்களா? (ஒரு வாசகி)

பதில்: உண்மை. என்னைக் கேட்டால் அந்தக் கட்டடத்தில் பார்க்கவேண்டியது அதுதான், குவிமாடம் அப்புறம்.

1945 ஏப்ரல் கடைசியில் சோவியத் படை பெர்லினுக்குள் வந்தபோது, ஹிட்லர் ஆட்சியின் சின்னம் இந்தக் கட்டடம்தான் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. மேலே சொன்னேன், நாஜிகள் காலத்தில் நாடாளுமன்றம் அங்கே கூடவே இல்லை. ஆனாலும் அதைப் பிடிக்க அறைக்கு அறை சண்டை. கூரைமேல் வீரர்கள் செங்கொடியை நாட்டுகிற படம் ஒன்று பாடப்புத்தகத்தில்கூட வரும். அது மே 2-ல் யெவ்கேனி கால்தேய் ஏற்பாடு செய்து எடுத்தது, கொடி முதலில் ஏறியது ஏப்ரல் 30 இரவு, அப்போது படம் எடுக்க ஆள் இல்லை. கால்தேயின் படத்தில் ஒரு வீரரின் இரண்டு கையிலும் கடிகாரம் இருந்ததாம், கொள்ளையடித்தது மாதிரித் தெரியும் என்று ஒன்றைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள், பின்னணியில் புகையையும் கூட்டினார்கள்.

அந்த நாட்களில் சண்டை முடிந்து உள்ளே வந்த சிப்பாய்கள் கரித்துண்டாலும் வண்ணச் சாக்காலும் சுவரில் எழுதியவைதான் நீங்கள் கேட்பது. பெரிய தத்துவம் எதுவும் இல்லை. பெயர், ஊர், எந்த வழியாக நடந்து வந்தோம் என்ற கணக்கு, அப்புறம் இன்னார் இங்கே வந்தார். பௌம்கார்ட்டன் அவற்றில் பலவற்றைப் பலகைக்குப் பின்னால் மூடிவிட்டார், அழிக்காமல் மூடினாரே, அதுவே உபகாரம். 1990-களில் பலகையைக் கழற்றியபோது வெளியே வந்தன. அப்படியே விட்டுவிடலாம் என்று ஃபாஸ்டர் சொன்னார். கெட்ட வார்த்தைகளை மட்டும் ரஷ்யத் தூதரகத்தோடு பேசி நீக்கினார்கள். பிறகும் சில உறுப்பினர்கள், தோற்றதன் ஞாபகச் சின்னத்தை நம் நாடாளுமன்றச் சுவரில் ஏன் வைத்திருக்கவேண்டும், குறைக்கலாம் என்று கேட்டுப் பார்த்தார்கள், எடுபடவில்லை.

தன்னைத் தோற்கடித்த படையின் கையெழுத்தைக் கடந்துதான் அந்த நாட்டு உறுப்பினர்கள் தினமும் வேலைக்குப் போகிறார்கள். குண்டு பட்ட தழும்பையும் பூசி மறைக்கவில்லை. பழசைக் காப்பாற்றுவது என்றால் நிறையப் பேர் சுண்ணாம்பு அடித்துப் பளபளவென்று ஆக்குவதையே நினைக்கிறார்கள். இங்கே செய்த வேலை அதற்கு நேர் எதிர், ஒட்டாத இடம் ஒட்டாமலேயே தெரியட்டும் என்று விட்டதுதான். மாணவியின் கேள்விக்கும் இதுவே மிச்சப் பதில்.

கேள்வி: கட்டடம் முழுவதையும் துணியால் மூடினார்களாமே, எதற்கு? (கல்லூரி மாணவர்)

பதில்: கலைக்காக, வேறு காரணம் கிடையாது. கிறிஸ்டோ, ஷான்-கிளாட் என்ற தம்பதி 1970-களில் ஆரம்பித்து இருபது வருஷத்துக்கும் மேல் அனுமதி கேட்டு அலைந்தார்கள். பிரதமர் ஹெல்முட் கோல் எதிர்ப்பு, அவைத்தலைவர் ரீட்டா சுஸ்முத் ஆதரவு. 1994 பிப்ரவரியில் இதற்கென்றே அவையில் விவாதம் நடத்தி வாக்கெடுத்து, 292-க்கு 223 என்று அனுமதி கிடைத்தது. 1995 ஜூன் 24 முதல் ஜூலை 7 வரை, ஒரு லட்சம் சதுர மீட்டர் வெள்ளி நிறத் துணி, 15 கிலோமீட்டருக்கும் மேல் நீலக் கயிறு. பார்க்க வந்தவர்கள் சுமார் 50 லட்சம் பேர். அரசுக்கு ஒரு காசு செலவில்லை, தங்கள் ஓவியங்களை விற்றே சமாளித்தார்கள். துணியை அவிழ்த்த கையோடு ஃபாஸ்டரின் ஆட்கள் வேலையைத் தொடங்கினார்கள்.

கேள்வி: மக்கள் மேலே நடக்கிறார்கள், பிரதிநிதிகள் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள், இதுதான் ஜனநாயகம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நம்புகிறீர்களா? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: பாதி நம்புகிறேன். மேலே நடக்கிறவர்களுக்குக் கீழே பேசுவது ஒரு வார்த்தை கேட்காது, தெரிவதும் நாற்காலிகளின் துண்டு துண்டான காட்சிதான். பெரும்பாலானவர்கள் நகரத்தைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். கண்ணாடிக் கூரை போட்டுவிட்டால் அரசாங்கம் ஒளிவுமறைவு இல்லாததாக ஆகிவிடுமா என்ன? ஆனால் நாடாளுமன்றத்தின் உச்சிவரை எவரும் காசில்லாமல் ஏறலாம் என்று வைத்திருக்கிறார்களே, அதற்கு மரியாதை உண்டு.

இந்த விஷயத்தில் குவிமாடத்தைவிட எனக்குப் பிடித்தது வடக்கு முற்றத்தில் இருக்கிறது. ஹான்ஸ் ஹாக்கே என்ற கலைஞர், முகப்பில் இருக்கும் அதே எழுத்து வடிவத்தில், ஆனால் ‘இங்கே வாழும் எல்லோருக்கும்’ என்ற பொருளில் இன்னொரு வாசகத்தை வெளிச்ச எழுத்துகளில் வைத்து, சுற்றிலும் உறுப்பினர்கள் தங்கள் தொகுதியில் இருந்து மண் கொண்டுவந்து கொட்டவேண்டும் என்றார். பிறப்பால் ஜெர்மானியர் ஆகாதவர்களும் இதில் அடக்கம் என்பதுதான் குத்தல். கோபப்பட்டார்கள், விவாதித்தார்கள், 2000 ஏப்ரலில் 260-க்கு 258 என்று இரண்டே வாக்கில் ஜெயித்தது. மண்ணில் தானாக முளைத்த செடிகளை யாரும் வெட்டுவதில்லை.

கேள்வி: அவைக்குள் தொங்குகிற கழுகு ஏன் அவ்வளவு குண்டாக இருக்கிறது? (பத்தாம் வகுப்பு மாணவன்)

பதில்: ஜெர்மானியர்களே அதைக் குண்டுக் கோழி என்றுதான் கூப்பிடுகிறார்கள், தம்பி. லுட்விக் கீஸ் என்பவர் பான் நகரத்து அவைக்காகச் செய்த உருவம். ஃபாஸ்டர் ஒல்லியாக, மிடுக்காக விதவிதமாக வரைந்து காட்டிப் பார்த்தார். உறுப்பினர்கள் மசியவில்லை, பழகின கோழியே இருக்கட்டும் என்றுவிட்டார்கள். அளவை மட்டும் பெரிதாக்கினார், இப்போது எடை இரண்டரை டன்.

கேள்வி: அடுத்த வருஷம் ஜெர்மனி போகிறோம். உள்ளே விடுவார்களா? (ஒரு குடும்பத்தலைவர்)

பதில்: விடுவார்கள், கட்டணம் இல்லை. ஆனால் முன்பதிவு வேண்டும், புண்டஸ்டாக்கின் இணையதளத்திலேயே செய்யலாம். வருகிற எல்லோருடைய பெயரும் பிறந்த தேதியும் கேட்பார்கள். குவிமாடத்துக்கு மட்டும் பதிவு செய்தால் லிஃப்டில் நேராக மேலே அனுப்பிவிடுவார்கள், சிப்பாய்களின் சுவரைப் பார்க்க முடியாது. அதற்கு வழிகாட்டியோடு போகிற சுற்றுக்கு எழுதிப்போடுங்கள், அது சீக்கிரம் நிரம்பிவிடும். வருஷத்தில் சில நாட்கள் கண்ணாடி துடைக்கக் குவிமாடத்தை மூடுவார்கள், தேதியைப் பார்த்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள். நேரம் கிடைத்தால் சாயங்காலம் போவது நல்லது, வெளிச்சம் மாறுவதைப் பார்க்கலாம். பாஸ்போர்ட்டை ஹோட்டல் அறையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பதிவு செய்த பெயரோடு அதை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாசலையே தாண்டவிடுவார்கள்.